அடையாறு கண்ட மாண்டிஸோரி அம்மையார்

இத்தாலி தேசத்திலே பிறந்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும் புகழ் எய்தி, அறுபத்தொன்பது பிராயம் நிரம்பிய பின்னர் நமது சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்த ஒரு மூதாட்டியாரின் வரலாற்றை இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். டாக்டர் மரியா மாண்டிஸோரி என்னும் பெயரை அறியாதார் இந்நகரில் மிகச் சிலரே. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் அப்பெயர் தாங்கிய பலகைகள் தெருவுக்குத் தெரு தொங்குகின்றன. பெயரை அறிந்தார் பலர்; அப்பெயருக்குரியவர் எதற்காக உழைத்தார், யாருக்காக உழைத்தார் என்பதை அறிந்தார் மிகக் குறைவு. அதிலும், சிறு குழந்தைகளுக்குச் சித்திரமும் கைவேலையும் பயிற்றுவது பற்றி அவர் கொண்டிருந்த கொள்கை அநேகமாக மறக்கப்பட்டே போய்விட்டது. அக்கொள்கை மறக்கப்பட்டதனால் நஷ்டமடைபவர்கள் ஏழைகளின் குழந்தைகளேயாதலின், அதை நினைவூட்டுவது நம் கடமையாகும்.

பிறப்பும் படிப்பும்

அம்மையார் 1870-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி, அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். அதற்கடுத்த மாதத்தில்தான் ரோமாபுரி இத்தாலிய ராஜ்யத்தோடு சேர்ந்தது. மாஜினியும் கரிபால்டியும் பாடுபட்ட தேச ஐக்கியம் ஒருவாறு பூர்த்தியான அந்த ஆண்டிலே அவர் தோன்றினார். தந்தை அலெஸ்ஸாண்ட்ரோ, சர்க்கார் நிதி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். தாய் ரெனில்டே, நூல் பல கற்றவர். மகள் உயர்ந்த படிப்புப் படிக்கவேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர்.

அக்காலத்தில் படித்த பெண்களுக்குத் திறந்திருந்த வாயில் ஒன்றே ஒன்று. அது பள்ளிக்கூட உபாத்திமைத் தொழில். பெற்றோர் அதையே யோசனை கூறினர். மகளோ அதைத் தவிர வேறு எதுவாயினும் சரி என்று மறுத்துவிட்டார். பிற்காலத்தில் உலகத்து ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியையாகப் போகிறவர், ஆசிரியைத் தொழிலை வேண்டாமென்று தள்ளியது விந்தையே. கணிதத்தில் மோகம் கொண்டு முதலில் எஞ்சினீயர் படிப்பை நாடினார். பின்னர் வைத்தியக் கல்வியில் மனம் சென்றது. ஆண்களே நிறைந்த வைத்தியக் கலாசாலையில் ஒரு பெண் நுழைவது அன்று எளிதன்று. பிரேதத்தை அறுத்துப் பரிசோதிக்கும் பாடத்தை ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் கற்பது தகாதென்று விதித்தார்கள். ஆகவே, மற்றவர்கள் போன பிறகு, தன்னந்தனியாக, பிரேதங்களின் நடுவே நின்று அப்பாடத்தை அவர் பயின்றார். 1896-ல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்கள் சிலரில் அவரும் ஒருவர்.

ரொட்டித் துணுக்குகள் கற்பித்த பாடம்

பட்டம் பெற்றபின் மனநோய்ச் சிகிச்சைத் துறையில் ஈடுபட்டார். அந்நாட்களில் புத்தி மந்தமான குழந்தைகளைப் பைத்தியக்கார விடுதியில் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைப்பது வழக்கம். அப்படிப்பட்ட ஓர் அறையைப் பார்க்க அம்மையார் சென்றார். வெறுஞ் சுவரும் வெறுந் தரையுமான அறை. உணவு முடிந்ததும் குழந்தைகள் தரையிலே விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கியெடுத்துப் பிசைந்துகொண்டிருந்தார்கள். இவை தின்னி மிருகங்கள் என்று காவற்காரி அருவருப்போடு கூறினாள். அம்மையாருக்கு வேறொன்று புலப்பட்டது. அந்த அறையில் தொடுவதற்கும் பிடிப்பதற்கும் உருட்டுவதற்கும் வேறு பொருளே இல்லை. அக்குழந்தைகளுக்கு வயிற்றுப் பசி அன்று, கைப் பசி.

இந்த உண்மையைப் பற்றிக்கொண்டு, இட்டார், ஸெகன் என்னும் இரு பிரெஞ்சு வைத்தியர்கள் முன்னரே எழுதி வைத்த நூல்களைத் தேடிப் படித்தார். கைக்கு வேலை கொடுக்கும் கருவிகளைச் செய்வித்து, அக்குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்களிற் சிலர் மற்ற குழந்தைகள் எழுதும் பொதுப் பரீக்ஷையிலேயே தேறினார்கள். ஊரார் அதிசயித்தனர். ஆனால் அம்மையார் மகிழ்ச்சியில் மயங்கிவிடவில்லை. அவர் மனத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. குறைபாடுள்ள குழந்தைகளே இவ்வளவு முன்னேறக்கூடுமானால், நல்ல நிலையிலுள்ள குழந்தைகள் அவர்களுக்குச் சமமாகவே நின்றுவிடும்படி நம்முடைய பள்ளிக்கூடங்கள் என்னதான் செய்துகொண்டிருக்கின்றன? இக்கேள்வியே அவரை வைத்தியத்தினின்றும் கல்வித் துறைக்குத் திருப்பியது.

இங்கே அவர் வாழ்க்கையின் துயரம் ஒன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். உடன் பணியாற்றிய ஜியுஸெப்பே மாண்டெஸானோ என்னும் வைத்தியருக்கும் அவருக்கும் 1898-ல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவர்கள் விவாகம் செய்துகொள்ளவில்லை. அக்காலத்துச் சமூகம் இத்தகைய தாயைத் தலையெடுக்க விடாது. குழந்தை மாரியோ நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தாரிடம் வளர்ந்தான். ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் தாயாக நின்றவர், தாம் பெற்ற பிள்ளையை அவ்வப்போது சென்று பார்த்துவரும் அந்நியரைப்போல் இருந்தார். 1912-ன் இறுதியில் தம் தாயார் காலமான பிறகே மகனைத் தம்மோடு அழைத்து வைத்துக்கொண்டார். அப்பொழுதும் மகன் என்று உலகத்தார்முன் சொல்லிக்கொள்ளவில்லை.

சுவர் கெட்ட கதை

ரோமாபுரியில் ஸான் லொரென்ஸோ என்பது ஏழைத் தொழிலாளர்கள் நிறைந்த வட்டாரம். ஒரு கட்டடக் கம்பெனியார் அங்கிருந்த பாழடைந்த வீடுகளைப் புதுப்பித்துக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். தாய் தந்தையர் கூலிவேலைக்குப் போய்விட, பள்ளிப் பிராயம் எய்தாத குழந்தைகள் நாள் முழுதும் கவனிப்பாரின்றித் திரிந்து, வெள்ளையடித்த சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்கின. வருஷந்தோறும் சுவரைப் பழுதுபார்க்கும் செலவைவிட, ஓர் அறை ஒதுக்கி ஓர் ஆள் வைப்பது லாபமென்று கம்பெனியார் கணக்கிட்டார்கள். அந்தப் பொறுப்பை ஏற்கும்படி மாண்டிஸோரி அம்மையாரை வேண்டிக்கொண்டனர். 1907-ம் வருஷம் ஜனவரி மாதம் 6-ந் தேதி, ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளோடு அவ்வறை திறக்கப்பட்டது. அதற்குக் குழந்தைகள் வீடு என்று பெயர்.

உலகப் புகழ் பெற்ற ஒரு கல்வி முறை, சுவர் கெடுகிறதே என்ற கவலையிலிருந்து பிறந்தது கவனிக்கத் தக்கது. சுவரிற் கிறுக்கும் குழந்தையைக் கம்பெனியார் நாசகாரன் என்று கண்டனர். அம்மையாரோ, அந்தக் கை வேலை தேடி அலைகிறது என்று கண்டார். கையை அடிக்கவில்லை, கட்டவில்லை. அதற்குத் தக்க வேலையைக் கொடுத்தார்.

அவர் கொடுத்தவை யாவை? ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரையில் படிப்படியாகப் பெருகும் பத்து மரக்கட்டைகள்; குழந்தை அவற்றைப் பெரியது கீழும் சிறியது மேலுமாக அடுக்கிக் கோபுரமாக்கும். நிறந்தோய்த்த சிறு பலகைகள். முதலில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றையும் இனம் பிரிக்கும், பின்னர் ஒரே நிறத்தின் கரும் சாயலிலிருந்து வெளிர் சாயல் வரையில் வரிசைப்படுத்தும். வட்டம், சதுரம், முக்கோணம், நீள்வட்டம் முதலிய பத்து வடிவங்களில் வெட்டிய உலோகத் தகடுகள். குழந்தை அதன் விளிம்பைப் பென்சிலால் ஒற்றி வரைந்து, உள்ளிடத்தை வர்ணப் பென்சிலால் நெருக்கமான கோடுகளிட்டு நிரப்பும். உப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய எழுத்துக்கள். அவற்றைக் குழந்தை விரலால் தடவி உருவத்தை அறியும். தப்பு நேர்ந்தால் அந்தக் கருவியே காட்டிக் கொடுக்கும். உபாத்தியாயர் அதட்ட வேண்டியதில்லை.

ஒரு டிசம்பர் மாதத்து நாளில் நடந்ததை அம்மையார் தம் நூலில் எழுதியிருக்கிறார். குழந்தைகளோடு மாடியின் மேல்தளத்தில் அமர்ந்திருந்தபோது, ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சீமைச் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்து, எதிரே நின்ற புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் அதை வரைந்தான். அவர் பாராட்டினார். அவன் அவரைப் பார்த்துச் சிரித்தான். ஒரு கணம் பொறுத்து, தனக்கு எழுதத் தெரியுமென்று கூவிக்கொண்டே குனிந்து, கை என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லை எழுதினான். பிறகு புகைபோக்கி என்று எழுதினான். கூரை என்று எழுதினான். அவனுக்கு அதுவரையில் ஒருவரும் எழுதக் கற்பிக்கவில்லை. கோடு இழுத்துப் பழகிய கைக்கும், எழுத்தைத் தடவிப் பழகிய விரலுக்கும் எழுத்து தானே வந்தது. சித்திரத்திலிருந்து எழுத்துப் பிறந்ததேயன்றி, எழுத்துக்குப் பிறகு மீந்த நேரத்தில் சித்திரம் என்பது அவர் பள்ளியில் இல்லை.

சித்திரம் பற்றிய கொள்கை

சித்திரம் கற்பிப்பதில் அவர் கொள்கை நம் பள்ளிகளின் வழக்கத்துக்கு முற்றும் மாறானது. உபாத்தியாயர் கரும்பலகையில் ஒரு மாம்பழம் வரைவார். நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்த்து நாற்பது மாம்பழம் வரைய வேண்டும். வளைவு பிசகினால் சிவப்பு மையில் திருத்தம் விழும். இதுவே நம் பள்ளிகளில் பல தலைமுறையாக நடந்துவரும் சித்திரப் பாடம். அம்மையாரோ குழந்தையின் சித்திரத்தை ஒருபோதும் திருத்தலாகாது என்றார். அதற்காக, ஒன்றும் கற்பியாமல் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, மனம்போனபடி கிறுக்கட்டும் என்றும் அவர் விட்டுவிடவில்லை. நிறபேதத்தை அறியும் கண்ணையும், நினைத்த இடத்தில் நிற்கும் கையையும், காண்பதை உணரும் உள்ளத்தையும் முதலில் பண்படுத்துங்கள். சித்திரம் பின்னர் தானே வரும் என்பதே அவர் கருத்து.

களிமண் வேலையையும் அவர் போற்றினார். ரோமாபுரியில் பிராஞ்செஸ்கோ ராண்டோனே என்னும் கலைஞர், குழந்தைகளுக்குக் குயவர் தொழிலையும் செங்கல் கட்டுமானத்தையும் பயிற்றும் பள்ளி ஒன்றை நடத்தினார். அதைப் பார்த்து, தம் குழந்தைகள் வீட்டிலும் சிறு பானைகளும் சிறு செங்கற்களும் செய்யும் வேலையை அம்மையார் ஏற்படுத்தினார். மனிதன் முதன்முதற் செய்த பாண்டத்தையும், முதன்முதற் கட்டிய சுவரையும் குழந்தை தன் கையாலேயே செய்து பார்க்கவேண்டும் என்பது அதன் தாத்பரியம்.

இக்கொள்கைக்கு ஆட்சேபம் சொன்னவர்களும் உண்டு. வியன்னா நகரத்தில் பிரான்ஸ் ஸிஸெக் என்பவர் 1897 முதல் குழந்தைகளுக்கு ஒரு சித்திர வகுப்பு நடத்தினார்; குழந்தையின் கற்பனை தானே பொங்கி வரும், அதற்கு வழிவிட்டால் போதும் என்பது அவருடைய கட்சி. இவர்கள் கண்ணுக்கு மாண்டிஸோரி முறை, குழந்தையின் கற்பனையைத் தகட்டுக்குள்ளும் கட்டைக்குள்ளும் அடைப்பதாகத் தோன்றியது. நம் தேசத்திலும், சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸ் அவர்களின் மாணவராயிருந்து, 1944 முதல் சேவாகிராமத்தில் குழந்தைகளுக்குக் கலை பயிற்றிய தேவி பிரசாத் அவர்கள் வேறு வழியிற் சென்று அரிய பணி செய்தார். ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமலில்லை. கோபுரக் கட்டையைக் கோபுரத்துக்கு மட்டுமே உபயோகிக்கவேண்டும், ரெயில் வண்டியாக்கி விளையாடலாகாது என்று கண்டிப்புச் செய்யும் உபாத்தியாயர் உண்டு; அத்தகையவர் கையில் அம்முறை வெறுஞ் சடங்காகிவிடும். ஆயினும் இரு கட்சியாரும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள். பெரியவரின் சித்திரத்தைக் குழந்தை நகல் எடுப்பது கல்வியன்று என்பதே அது.

நம்மவர்க்கும் இது புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணலிலே விரலால் எழுதித்தான் எழுத்தறிந்தான். உப்புக் காகித எழுத்து அதற்கு அயல் அன்று. மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளிலே நம் பெண்கள் புள்ளி வைத்து இழை கூட்டுகிறார்களே, அது என்ன? அளவும் சமமும் பிசகாத வடிவ சாஸ்திரமன்றோ! சிறுமி தாயின் அருகே அமர்ந்து, மாவு சிந்திச் சிந்தி, ஒரு நாள் தானே புதுக்கோலம் கண்டுபிடிக்கிறாள். நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் விற்பனைக்கு வரும் மண் பொம்மைகளைச் செய்யும் கைகளும் இவ்வாறே பழகியவை. வாசலில் இருக்கும் இக்கல்வி, பள்ளிக்கூட வாசற்படியை மட்டும் தாண்டவில்லை.

புகழும் சோதனையும்

1909-ல் அம்மையாரின் முதல் நூல் வெளியாயிற்று. சில ஆண்டுகளுக்குள் அது பல பாஷைகளில் மொழிபெயர்க்கப்பட்டு, அவர் பெயர் கண்டங்கள் தோறும் பரவியது. 1924 முதல் முஸோலினியின் சர்க்கார் அவருடைய பள்ளிகளுக்கு ஆதரவளித்தது. அதை அவரும் ஏற்றுக்கொண்டார். அந்த உறவு நல்லதன்று என்பது விரைவிலே தெரிந்தது. குழந்தையைச் சுதந்திரனாக்க வந்த கல்வியும், குழந்தையைச் சிப்பாயாக்க வந்த ஆட்சியும் ஓரிடத்தில் வாழ்வது எங்ஙனம்? 1934-ல் உறவு முறிந்தது; இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் அதே கதி. பார்ஸலோனாவில் வாழ்ந்தார், 1936-ல் அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஹாலந்து தேசத்தில் புகல் அடைந்தார்.

இதற்கிடையில் 1931-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த மகாத்மா காந்தியை அம்மையார் சந்தித்தார். லண்டனிலிருந்த மாண்டிஸோரி ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் மகாத்மா பேசினார். செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமின்றி, பரம ஏழைகளின் குழந்தைகளுக்கும் இப்பயிற்சி கிட்டவேண்டும் என்ற தம் விருப்பத்தை அங்கே வெளியிட்டார். இந்தியாவின் சார்பில் அம்மையார் முன் வைக்கப்பட்ட விண்ணப்பம் அதுவே எனலாம். குஜராத்தில் பவநகரிலே கிஜுபாய் பதேகா 1920-லேயே பால மந்திரம் நிறுவி, அம்முறையை நம் நாட்டுக் கதை, பாட்டு, மண் ஆகியவற்றோடு இணைத்து நடத்திக் காட்டியிருந்தார்.

அடையாற்று வாசம்

பிரம்மஞான சங்கத்தின் தலைவர் டாக்டர் அருண்டேலும், அவர் மனைவியார் ஸ்ரீமதி ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில், 1939-ம் வருஷ இறுதியில் அம்மையாரும் மாரியோவும் அடையாறு வந்தனர். ருக்மிணி தேவியார் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1936-ல், கலாக்ஷேத்திரத்தை அடையாற்றில் ஆரம்பித்திருந்தார். நாட்டியமும் சங்கீதமும் நெசவும் வளர்ந்த நிழலிலேயே குழந்தைக் கல்வியும் வேரூன்றியது.

ஆல்காட் தோட்டத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் முதல் பயிற்சி வகுப்புக்கு வந்து கூடினர். அம்மையார் இத்தாலிய பாஷையில் பேசுவார். மாரியோ வாக்கியம் வாக்கியமாக இங்கிலீஷில் சொல்வார். சில மாத காலம் தங்கிப் போவதென்பதே ஏற்பாடு. விதி வேறு விதமாயிற்று.

1940-ம் வருஷம் ஜூன் மாதத்தில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. உடனே பிரிட்டிஷ் சர்க்காரின் பார்வையில் இவ்விருவரும் எதிரி தேசத்தாராயினர். முஸோலினியால் பள்ளி மூடப்பட்டவரே முஸோலினியின் பிரஜை என்று காவலில் வைக்கப்பட்டார்! மாரியோவை அகமது நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் அடையாற்றுத் தோட்டத்தை விட்டு வெளியே செல்லலாகாதென்று உத்தரவாயிற்று. நம் தேசபக்தர்களை விசாரணையின்றிச் சிறையிலடைத்த அதே சர்க்கார், குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வந்த எழுபது வயதுக் கிழவியையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அவ்வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி, அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளன்று, வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது; பிறந்த நாள் பரிசாக அவர் மகனை விடுதலை செய்வதாக அதிற் கண்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளாக வெளியிற் சொல்லாதிருந்த உறவை, அந்நிய சர்க்காரின் தந்தியொன்று மகன் என்று பெயரிட்டு அழைத்தது. அவர் நெஞ்சு எவ்வாறு நெகிழ்ந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

யுத்தம் முடியும் வரையில் இந்தியாவே அவருக்கு வீடாயிற்று. 1942 முதல் 1944 வரையில் கோடைக்கானலில் தங்கியபோது, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குரிய கல்வியை வகுத்தார். செடி, கொடி, பூச்சி, பாறை, நீர் ஆகிய யாவும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் காட்டி, பிரபஞ்சம் முழுவதையும் ஒரே பாடமாக்கும் அக்கல்வித் திட்டம் நம் மலைச்சாரலில் உருவானது. இலங்கையிலிருந்து வந்த லீனா விக்கிரமரத்ன என்னும் ஆசிரியை அதில் அவருக்கு உதவியாயிருந்தார். ஆமதாபாத், கராச்சி, காஷ்மீரம், இலங்கை எனப் பல இடங்களிலும் பயிற்சி வகுப்புகள் நடந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் நேரே பயின்றனர். 1946-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பியவர், 1947-ல், சுதந்திர பாரதத்துக்கு, மீண்டும் வந்து 1949 வரையில் பணிபுரிந்தார். உலகமெங்கும் படிக்கப்படும் அவருடைய நூல்கள் சில, அடையாற்றிலேயே முதலில் அச்சாயின. சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி ஹாலந்திலே, கடற்கரை ஊரான நோர்ட்வைக்கில் காலமானார். உயிர் பிரிந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நாம் செய்தது என்ன?

இனி நம் நகரத்தை நோக்குவோம். ஸான் லொரென்ஸோவின் கூலிக்காரக் குழந்தைகளுக்காகத் தோன்றிய முறை, சென்னையில் யாருக்குப் பயன்படுகிறது? அப்பெயருக்குத் தனி உரிமை கொண்டாடுவார் எவருமில்லையாதலால், பலகை மாட்டுவார் யாவரும் மாட்டுகின்றனர். நல்ல பயிற்சி பெற்று, நல்ல முறையில் நடத்துவோரும் உள்ளனர். அவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் பெருந்தொகை கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பத்துக் குழந்தைக்கே அக்கதவு திறக்கிறது. அதே தெருவின் கோடியில் உள்ள நகராட்சிப் பள்ளிக் குழந்தைக்கு வர்ணப் பென்சில் பெட்டிகூட அரிதாயிருக்கிறது. மகாத்மா 1931-ல் வெளியிட்ட விருப்பம் தலைகீழாய்ப் போயிற்று.

சட்டமும் துணை செய்யவில்லை. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையில், நூறு பிள்ளைகளுக்கு மேலிருந்தால், கலைக்கும் கைவேலைக்கும் பகுதி நேர ஆசிரியர் வேண்டுமென்று அது சொல்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையிலுள்ள வகுப்புகளுக்கு அத்தகைய விதியே இல்லை. கண்ணும் கையும் மலரும் பருவத்தில் ஆசிரியர் இல்லை. அப்பருவம் கடந்த பின்னர், பகுதி நேரத்துக்கு ஒருவர்! விதைப்புக் காலத்தில் பூட்டி வைத்த நீரை அறுவடைக் காலத்தில் திறந்துவிடுவது போன்றதன்றோ இது?

செய்ய முடியாத காரியமுமன்று. சென்னை மாநகராட்சி 2003-ல் பதின்மூன்று பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற முறையை ஆரம்பித்தது. குழந்தைகள் தரையில் குழுவாய் அமர்ந்து, தாமே அட்டைகளை எடுத்துப் பயின்றார்கள். சுவரின் அடிப்பாகத்தில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை பூசப்பட்டது. அவர்கள் வரைந்த சித்திரங்கள் தலைக்குமேல் கம்பிப் பந்தலில் தொங்கின. நூறு ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் ஏழைக் குழந்தைகள் கெடுத்த சுவர், சென்னையில் ஏழைக் குழந்தைகளுக்கே உரிய சுவராயிற்று. 2007-ல் அம்முறை மாநிலமெங்கும் பரவியது. பின்னர் திட்டங்கள் மாறின. 2022-ல் எண்ணும் எழுத்தும் என்னும் வேறு திட்டம் வந்தது. திட்டம் மாறுவதில் நமக்கு வருத்தமில்லை. மாறும் ஒவ்வொரு முறையும் முதலில் வெட்டுண்பது குழந்தையின் சித்திரமும் கைவேலையுமாகவே இருப்பதுதான் வருத்தம்.

கருவிகள் விலையுயர்ந்தவை என்று சிலர் சமாதானம் கூறலாம். கட்டையை அளவாய் அறுக்க நம் தச்சருக்குத் தெரியாதா? தகட்டை வட்டமாய் வெட்ட நம் கன்னாருக்குத் தெரியாதா? களிமண்ணுக்கு விலை உண்டா? கோலப் புள்ளிக்குக் கட்டணம் உண்டா? வேண்டியது பணமன்று; இந்தக் குழந்தைக்கும் கண்ணும் கையும் உள்ளன என்ற எண்ணமே.

பொதுவாழ்வில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டத்திலுள்ள நகராட்சி ஆரம்பப் பள்ளிக்கு ஒரு நாள் செல்லுங்கள். கால அட்டவணையில் சித்திரத்துக்கு மணி உண்டா, அந்த மணியில் உண்மையாகவே என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். ஒன்றாம் வகுப்புக்கும் கலை ஆசிரியர் வேண்டுமென்று நகரசபையிலும் சட்டசபையிலும் கேளுங்கள். அம்மையாருக்கு அடையாற்றில் சிலை வேண்டாம். அவர் பெயரால் விழாவும் வேண்டாம். கூலிக்காரன் மகள் கையில் ஒரு பிடி களிமண்ணும், அதைப் பிசைய ஒரு மணி நேரமும் கிடைக்கச் செய்தால், பல்லாண்டு நம்மிடை வாழ்ந்த அந்த அன்னைக்கு நாம் பட்ட கடன் ஓரளவேனும் தீரும்.